பூட்டனுக்குப் பவுடர் பூசாதே, பேராண்டி

வாடே பேராண்டி, வா. அப்படித் திண்ணையில உக்காரு. குடும்பத்துப் பழைய படத்தையெல்லாம் போனுக்குள்ள போட்டு, கிழிசலைத் தைச்சு, கலர் அடிச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பி வச்சிருக்கியாம்லா. பேத்தி போன்ல எனக்கும் வந்துது. முதல் படத்தைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டுட்டேன். எதுக்குன்னு கேளு. ஜமாபந்திக்கு வந்த வெள்ளைக்காரக் கலெக்டர் யாரோ ஆசைக்குத் தலைப்பாக் கட்டிப் படம் எடுத்திருக்கார்னு நெனச்சேன். அப்புறந்தான் பேத்தி சொன்னா, "தாத்தா, இது உங்க பெரியப்பா"ன்னு.

உனக்குப் பூட்டய்யா, எனக்குப் பெரியப்பா. நீ அவரைப் பாத்ததில்ல, நான் பாத்திருக்கேன். நல்ல கருப்பு. பருத்திக்காட்டு வெயில்ல ஆயுசு பூரா நின்ன உடம்பு. நீ அனுப்பின படத்துல கன்னம் ரெண்டும் ரோசாப்பூ நிறத்துல மினுங்குது. அவரு கன்னம் செவந்தது ஒரே ஒரு தடவை, அவங்க ஆத்தா அறைஞ்சப்ப. அதுகூட வெளிய தெரிஞ்சிருக்காது, அம்புட்டுக் கருப்பு. பொண்ணு கேக்கப் போன எடத்துல எல்லாம் "மாப்பிள்ளைக்கு நிறம் கொஞ்சம் கம்மி"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்ட பரம்பரைடே நம்மது. செத்து இத்தனை வருசம் கழிச்சு அவருக்கு நிறம் ஏறியிருக்கு. சந்தோசந்தான். இனிமே அவருக்குப் பொண்ணு குடுக்க யாரு வரிசையில நிக்கப்போறா?

மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிடாதே. உன் ஆசையில குத்தமில்ல. பரண்ல கெடந்த படத்தைத் தூசி தட்டணும்னு இந்தக் குடும்பத்துல ஒருத்தனுக்காவது தோணிச்சே. கொஞ்சம் விவரத்தோட பண்ணியிருக்கலாம், அதைத்தான் சொல்ல வாறேன்.

கிழவனுக்கு இதுல என்ன தெரியும்னு நெனச்சிராதே. மீசை அரும்புற வயசுல டவுன் ஸ்டூடியோ ஒண்ணுல எடுபிடியா நின்னவன் நான். இருட்டறையில ஒரு செவப்பு பல்பு எரியும். ஏன் செவப்பு? படம் போடுற தாளுக்குச் செவப்பு தெரியாது. அந்த வெளிச்சத்துல நீ எவ்வளவு நேரம் வேலை பாத்தாலும் தாளைப் பொறுத்தவரைக்கும் அது கும்மிருட்டு. பழைய காலத்துக் கண்ணாடி நெகடிவ்வுக்கும் இதே கோளாறு உண்டு. நீலத்தைக் கண்டா உருகிப்போகும், செவப்பைக் கண்டுக்கிடவே செய்யாது. எல்லா நிறத்துக்கும் மசியுற தட்டு 1906லயே இங்கிலாந்துல விற்பனைக்கு வந்துட்டுது. ஆனா அதை வச்சா இருட்டறையில செவப்பு விளக்கு போட முடியாது, குருட்டாம்போக்குல கழுவணும். அதனால ஸ்டூடியோக்காரங்க பல பேரு பழசையே ரொம்ப நாள் புடிச்சுத் தொங்கினாவ.

இதுனால என்ன ஆகும்? அரக்குச் சேலை கட்டி வந்து உக்காந்தவ படத்துல கருப்புச் சேலையோட இருப்பா. நெத்திக் குங்குமம் கரிப்பொட்டா விழும். வெத்தலை போட்டுச் செவந்த வாய் மையைத் தின்ன வாயாத் தெரியும். நல்ல நீலச் சேலைக்காரியோ வெளிறிப்போய் வந்து நிப்பா.

உன் போன் என்ன பண்ணிச்சு? உங்க பூட்டியைப் பாத்துது. சேலை வெளிறி இருக்கு. சரி, இது வெள்ளைச் சேலைன்னு அதுவே முடிவு கட்டி, சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளையா வெளுத்துக் குடுத்துட்டுது. புருசன் பக்கத்து நாற்காலியில மீசையை முறுக்கிக்கிட்டு முழுசா உக்காந்திருக்கார், நீ பொண்டாட்டிக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருக்கே! அவரு கண்ணுல இது பட்டிருந்தா, கலெக்டர் நிறம் குடுத்ததுக்காகக்கூட உன்னை மன்னிச்சிருக்க மாட்டாரு.

என் மக வயித்துப் பேத்தி கம்ப்யூட்டர் உத்தியோகம் பாக்கால்லா, அவகிட்ட கேட்டேன். "ஏட்டி, இந்த மிசினுக்கு நிறம் எப்படித் தெரியுது?" "தெரியாது தாத்தா, அது ஊகிக்கும்"னா. கலர் படத்தை எடுத்து, நிறத்தை உருவிட்டு, வெறும் கருப்பு வெள்ளையை அது முன்னால போட்டு, என்ன நிறம்னு சொல்லச் சொல்லுவாங்களாம். தப்பாச் சொன்னாத் திருத்தணும், மறுபடியும் கேக்கணும். 2016ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆளுக பத்து லச்சம் படத்துக்கு மேல காட்டி இப்படிப் பழக்கினாவளாம். வானம்னா நீலம், புல்லுன்னா பச்சைன்னு மிசினுக்குப் பிடிபட்டுப் போச்சு. சேலைக்கு என்ன செய்யும்? சேலை எந்த நிறத்துலயும் இருக்கலாமே. எதைச் சொன்னாலும் வம்புன்னு, எல்லாத்துக்கும் நடுவாந்தரமா ஒரு மங்கல் பழுப்பைப் பூசிட்டுக் கையைக் கழுவிக்கிடுற மிசினும் இருக்காம்.

எனக்கு உடனே விளங்கிட்டுது. இது நம்மூர்க் கோடாங்கிதான். உடுக்கையை அடிச்சு, "உன் வீட்டுல தீராத வழக்கு ஒண்ணு கெடக்கு, தெக்குத் திசையில ஒரு பொம்பளை உன் மேல வயிறெரியுதா"ம்பான். எந்த வீட்டுலடே வழக்கு இல்ல? எந்தத் திசையிலடே வயிறெரியுறவ இல்ல? அவன் சொன்னது பலிக்கும். ஆனா அவன் சொன்னது உன் வீட்டைப் பத்தி இல்ல.

நிறமாவது போகட்டும். மூஞ்சியைத் தெளிவாக்குற மிசின்னு இன்னொண்ணு இருக்குல்லா, அதுதான் பெரிய கள்ளன். இன்டர்நெட்டுல ஃபிளிக்கர்னு ஒரு படச்சந்தை. அங்கேருந்து 70,000 மூஞ்சியைப் பொறுக்கி எடுத்து இந்த மிசின்கள்ல பலதுக்குப் பாடம் நடத்தியிருக்காவ. உங்க பூட்டி கண்ணு மங்கலா இருந்தா, அது மங்கலைத் துடைக்கிறதில்ல. பழகின மூஞ்சிகளை வச்சுப் புதுசா ஒரு கண்ணை வரைஞ்சு அந்த எடத்துல பதிச்சிருது. கண்ணு பளிச்சுன்னு இருக்கத்தான் செய்யும். யாரு கண்ணுன்னு கேட்டாத்தான் பதில் இல்ல.

இன்னா, அந்தப் படத்தைப் பெருசு பண்ணு. பூட்டி காதைக் காட்டு. இப்ப ஒரிஜினலைக் காட்டு. வடிஞ்சு தோளைத் தொடுது பாத்தியா. சின்னப்புள்ளையிலேயே காதைக் குத்தி, ஓட்டையில பஞ்சைத் திணிச்சு, அப்புறம் ஈயக் குணுக்கை மாட்டி, வருசக்கணக்கா இழுத்து வளத்த காது அது. அதுல தொங்குறது பாம்படம். தங்கத் தகட்டுக்குள்ள அரக்கை அடைச்சு, கட்டமும் உருண்டையுமாச் சேத்துக் கோத்த நகை. நடந்தா ரெண்டு பக்கமும் ஆடும், கோவத்துல தலையைத் திருப்பினா வேகமா ஆடும். பூட்டய்யா அந்த ஆட்டத்தைப் பாத்துத்தான் வீட்டுக்குள்ள வரலாமா, திண்ணையிலயே படுத்துக்கிடலாமான்னு முடிவு பண்ணுவார்.

உன் மிசின் அந்தக் காதைப் பாத்துத் திகைச்சுப்போச்சு. அது படிச்ச பாடத்துல இப்படி ஒரு காது வந்ததே இல்ல போலுக்கு. வடிஞ்ச காதை நறுக்கி, மேல ஏத்தி, பட்டணத்துப் புள்ளைக காதா ஆக்கிட்டுது. பாம்படத்தைத் தோள்ல விழுந்த நெழல்னு நெனச்சுச் சேலையோட கரைச்சுட்டுது. நாகரிகம் வந்த காலத்துல ஆஸ்பத்திரிக்குப் போயி வடிஞ்ச காதை வெட்டித் தைச்சுக்கிட்ட பொம்பளைக நம்ம பக்கத்துல எத்தனையோ பேரு. எங்க சித்தி ஒருத்தியும் தைச்சுக்கிட்டா. உங்க பூட்டி மட்டும், "எங்க ஆத்தா வளத்த காது, எவன் கத்தியும் படக்கூடாது"ன்னு கடைசி வரைக்கும் நின்னவ. அவ சுடுகாடு போயி அறுபது வருசம் ஆன பெறகு ஓசியில தைச்சுவிட்டிருக்கே. கைராசிக்காரன்டே நீ.

பூட்டய்யா மூஞ்சியில அம்மைத் தழும்பு இருந்துதே, அது எங்க? பெரியம்மை இந்த நாட்டைவிட்டுப் போனதே 1975லதான். அதுக்கு முன்னாடி அம்மை வாத்துப் பொழைச்சவங்க மூஞ்சியில எல்லாம் அது கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போச்சு. நம்ம தெருவுல அதே பேர்ல மூணு பேரு இருந்தாவ. தபால்காரர் வந்து கேட்டா, "தழும்பு மூஞ்சிக்காரருக்கா?"ன்னுதான் கேப்போம். பொழைச்சு வந்ததுக்கு அவர்கிட்ட இருந்த ஒரே சான்று அதுதான். மிசின் அதைக் காகிதத்துல பட்ட கறைன்னு நெனச்சுத் துடைச்சுட்டுது.

"நீங்க ஸ்டூடியோவுல பண்ணாத பித்தலாட்டமா தாத்தா"ன்னு வாய்க்குள்ள முனகுறது கேக்குது. சத்தமாவே கேளு. பண்ணினோம்டே, பண்ணாம இருந்தா யாரு காசு குடுப்பா? எங்களுக்கு முன்னாடி வந்த பெரிய மனுசங்களும் பண்ணியிருக்காவ. 1858ல லின்னேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் மதுரை, தஞ்சாவூரு கோயில்களை எல்லாம் படம் புடிச்சார். அவர் நெகடிவ்வுலேருந்து போட்ட படத்துல நீல வானம் ஒரே வெள்ளையா வெளுத்து நிக்கும். பாத்தார் மனுசன், நெகடிவ் மேல தானே மையைத் தீட்டி மேகத்தை மெதக்க விட்டுட்டார்.

எங்க ஸ்டூடியோவுல நெகடிவ் மேல கூரான பென்சிலை வச்சுப் பருவை மறைக்கிறதுக்கு டச்சிங்னு பேரு. பின்னால தொங்குற சீலையில மாடிப்படியும் பூந்தோட்டமும் வரைஞ்ச அரமனை. சட்டை இல்லாம வந்தவனுக்கு ஸ்டூடியோ கோட்டு. நம்ம தாலுகாவுல பாதி மாப்பிள்ளைக அந்த ஒரே கோட்டுலதான் படத்துல நிக்காவ. கைக்கடியாரம் ஒண்ணும் உண்டு, ஓடாது. எல்லாக் கல்யாணமும் ஒரே மணிக்கு நடந்திருக்கும். சேந்து ஒரு படம்கூட எடுக்காம புருசன் போய்ச் சேந்துட்டான்னா, தனித்தனிப் படத்தை வெட்டி ஒட்டி ஜோடி சேத்துக் குடுப்போம். செத்தவரை நாற்காலியில உக்காத்தி வச்சு எடுத்த படத்துல, மூடின இமை மேல தொறந்த கண்ணை வரைஞ்சு குடுப்பாரு எங்க ஆர்ட்டிஸ்ட். மாலை போட்டு மாட்டணும்லா, கண்ணு மூடியிருந்தா வீட்டுப் புள்ளைக பயந்துரும்.

கலரும் அடிச்சோம், கையால. ஆனா பிரஷைத் தொடுறதுக்கு முன்னால ஆர்ட்டிஸ்ட் கேப்பாரு. "சேலை என்ன நிறம்மா? கரை என்ன நிறம்? மூக்குத்தி வெள்ளைக்கல்லா செவப்புக்கல்லா?" அந்தம்மா யோசிச்சுச் சொல்லுவா. சில பேரு சொல்லுறப்பவே அழுவாவ. அவரு சும்மா காத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. பூசுறது மேல்பூச்சுன்னு அவருக்கும் தெரியும், வாங்கிட்டுப் போறவளுக்கும் தெரியும். உன் மிசின் ஒருத்தர்கிட்டயும் கேக்கல. அதைச் சொல்லிக் குத்தமில்ல, அதுக்கு வாய் இல்ல. உனக்கு என்ன கேடு?

கேக்காமப் பண்ணினா என்ன ஆகும்கிறதுக்குக் கம்போடியாக் கதை ஒண்ணு இருக்கு. இதுல சிரிக்க ஒண்ணுமில்ல, கேட்டுக்கோ. போல்பாட் ஆட்சியில, 1975லேருந்து 1979 வரைக்கும், துவோல் ஸ்லெங் சிறையில ஆயிரக்கணக்கான பேரை அடைச்சுச் சித்திரவதை பண்ணிக் கொன்னாவ. உள்ள கொண்டாந்ததும் ஒவ்வொருத்தரையும் ஒரு படம் புடிச்சு வச்சிருக்காவ. 2021ல ஒரு அயர்லாந்துக்காரர் அந்தப் படங்களுக்குக் கலர் அடிச்சார். அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல, சில பேரு மூஞ்சியில சிரிப்பையும் வரைஞ்சு வச்சுட்டார். சாகப்போறவன் மூஞ்சியில சிரிப்பு! செத்தவங்க சொந்தக்காரங்க கொதிச்சுப்போனாவ, கம்போடியக் கலாசார அமைச்சகம் கண்டிச்சுது, வெளியிட்ட பத்திரிகை படங்களை எடுத்துட்டுது. சிரிக்காத மூஞ்சிக்கு ஒரு காரணம் இருக்கும்டே. அந்தக் காரணத்தை அழிக்க நமக்கு அதிகாரம் இல்ல.

நம்ம பூட்டய்யா சிரிக்காததுக்குக் காரணம் வேற. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு ஊருல ஒரு பயம். அது பாதி. "அசையாதே, மூச்சு விடாதே"ன்னு கருப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஸ்டூடியோக்காரர் போட்ட அதட்டல் கால்வாசி. மிச்சம் கால்வாசி, படத்துக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டதும் போன சிரிப்பு.

அதே 2021லதான் மைஹெரிட்டேஜ்னு ஒரு கம்பெனி, செத்தவங்க படத்தைத் தலையாட்டிக் கண்ணு சிமிட்ட வைக்கிற வித்தையைக் கொண்டாந்துது. உன் சித்தப்பன் அதுல உங்க ஆச்சியைப் போட்டிருக்கான். எனக்கு மதினி முறை. அவ போன்ல தலையைச் சாய்ச்சு, கண்ணைச் சிமிட்டி, ஓரமா ஒரு சிரிப்புச் சிரிக்கா. ஏலே, உயிரோட இருந்தப்ப அவ கட்டின புருசனைப் பாத்தே அப்படிச் சிரிச்சவ இல்ல. உங்க தாத்தா மட்டும் இப்ப இருந்தா, "இந்தச் சிரிப்பை இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே"ன்னு பஞ்சாயத்தைக் கூட்டியிருப்பார்.

அந்த ஆச்சிக்கு இருந்த ஒரே படமும் வாக்காளர் அட்டைப் படம். சேஷன் தேர்தல் ஆணையரா இருக்கையில, 1993ல வந்த அட்டை. ஓட்டுச்சாவடியில அதிகாரி அட்டையைப் பாப்பார், அவளைப் பாப்பார், மறுபடியும் அட்டையைப் பாப்பார், கடைசியில தலையெழுத்தேன்னு கையில மையை வைப்பார். அந்தத் தம்மாத்துண்டுப் படத்தைத்தான் நீ சுவத்தளவு பெருசாக்கியிருக்கே. அட்டையில இருந்தது கொஞ்சூண்டு ஆச்சி. மிச்சம் பூரா மிசின் வரைஞ்ச பொம்பளை. சின்னப் படம்னா சின்னதாவே மாட்டேன். கிட்டப் போயிப் பாத்தாக் காலு தேஞ்சிருமா?

சரி, வைஞ்சது போதும். செய்யவே கூடாதான்னா, செய்யி. எப்படின்னு கேட்டுக்கோ.

முதல்ல சுவத்துலேருந்து இறக்கு. படம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருந்தாப் பிய்க்காதே. படத்து மேல ஜெலட்டின்னு ஒரு பசைப் படலம் உண்டு, மாட்டுத் தோலு எலும்புலேருந்து காய்ச்சி எடுக்கிறது. மழைத் தண்ணி இறங்கினா அது இளகிக் கண்ணாடியைப் புடிச்சுக்கிடும். நீ பிய்ச்சா மூஞ்சி கண்ணாடியோட போயிரும், உன் கையில அட்டைதான் மிஞ்சும். கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணு. ராமபாணப் பூச்சியும் பூஞ்சக்காளானும் படத்தைத் தேடி வாறது இந்த ஜெலட்டினுக்காகத்தான். ஈரத்துணியைக் கொண்டு போகாதே. மெத்துன்னு ஒரு காஞ்ச பிரஷ் போதும், அதையும் பூப்போலத் தொட்டு எடு. கருத்த எடத்துல நீலமா ஒரு மினுமினுப்பு தெரிஞ்சா, உள்ள இருக்கிற வெள்ளி மேல வந்துட்டுதுன்னு அர்த்தம். அழுக்குன்னு நெனச்சுத் தேய்ச்சிராதே. சந்தனம், குங்குமம் வைக்கணும்னா கண்ணாடி மேல வையி. படத்து மேல வச்சா உங்க ஆச்சிக்கு நெத்தியில நெரந்தர ஓட்டைதான்.

போன்ல பிளாஷைப் போட்டுப் படம் எடுத்துட்டு ஸ்கேன் பண்ணிட்டேன்னு சொல்லாதே. ஸ்கேனர்ல வச்சு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுன்னா 1200. டிஃப் கோப்பா ஒண்ணு சேமிச்சு வையி, அதைத் தொடாதே. வாட்ஸாப்புல அனுப்பினதை ஒரிஜினல்னு நம்பாதே, அது நசுக்கித்தான் அனுப்பும். வேலையெல்லாம் நகல்ல பண்ணு. மடிப்புக் கோடு, கிழிசல், பூச்சி அரிச்ச ஓட்டை, இதைச் சரிபண்ணு. மூஞ்சியில கை வைக்காதே. மங்கலா இருந்தா மங்கலாவே இருக்கட்டும். நம்ம ஆளுகளை நாம மங்கலாத்தான் ஞாபகம் வச்சிருக்கோம், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

கலர் அடிக்கணும்னா கேட்டு அடி. ஆம்பளைககிட்ட கேக்காதே. அவங்களுக்கு அந்த வருசம் பருத்தி என்ன வெலைக்குப் போச்சுன்னுதான் ஞாபகம் இருக்கும். பொம்பளைககிட்ட கேளு. மாம்பழ நிறம், கத்தரிப்பூ நிறம், அரக்கு, மயில்கழுத்துன்னு பிரிச்சுச் சொல்லுவாவ. எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மா கட்டினதுக்காக ஒரு நீலத்துக்கே எம்.எஸ். புளூன்னு பேரு வச்ச சனம்டே இது. உங்க தாத்தாவுக்கு அக்கா, பெரியாச்சி, தொண்ணூறைத் தாண்டி இன்னும் தெக்குத் தெருவுல உக்காந்திருக்கா. அவ ஆத்தா கட்டின சேலை என்ன நிறம்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், சொல்ல மாட்டேன். அந்தச் சேலை தொட்டிலாகி, விரிப்பாகி, கடைசியில முந்தித் துண்டு ஒண்ணு அவ டிரங்குப் பெட்டிக்குள்ள கெடக்கு. கேட்டா எடுத்துக் காட்டுவா. மடிப்போட வெளிப்பக்கத்தைப் பாத்து ஏமாறாதே, வெளுத்திருக்கும். உள்பக்கத்தைப் பிரிச்சுப் பாரு. பெர்க்லிக்காரங்க கையில இல்லாத சரக்கு அது.

கலர் அடிச்ச படத்துக்குக் கீழ "நிறம் பின்னால பூசினது"ன்னு எழுதி, வருசத்தையும் போடு. இல்லாட்டி உன் பேரப்புள்ளைக நம்ம குலமே கலெக்டர் குலம்னு கெளம்பிருவாவ. ஸ்கேன் பண்ணியாச்சேன்னு ஒரிஜினலைக் குப்பையில போட்டிராதே. கருப்பு வெள்ளைப் படத்துல இருக்கிறது சாயம் இல்ல, வெள்ளிப் பொடி. ஒழுங்கா வச்சிருந்தா உன்னையும் வழியனுப்பி வச்சுட்டு அது இருக்கும். எண்பதுகள்ல எடுத்த கலர் ஆல்பம் எங்கேயாவது இருந்தா எடுத்துப் பாரு. நீலச் சாயம் செத்துப்போயி, பொண்ணு, மாப்பிள்ளை, ஐயரு, வாழைமரம் எல்லாம் செக்கச்செவேல்னு நிப்பாவ. ஒரிஜினலை நல்ல காகித உறையில போட்டு, ஈரமும் அடுப்புப் புகையும் படாத எடத்துல வையி. சுவத்துக்கு நகல் போதும். செலோடேப்பு ஒட்டாதே. பசை தடவுற ஆல்பத்துல அப்பாதே.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க நம்ம தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களை ஊர் ஊராத் தேடிப் போயி, பிரிட்டிஷ் நூலகத்து உதவியில டிஜிட்டலாக்கி வச்சிருக்காவ. ஒருத்தர் கன்னத்துலயும் அவங்க ரோஸ் பவுடர் பூசல. கறை இருந்தாக் கறையோட, ஓட்டை இருந்தா ஓட்டையோட இருக்கிறது இருக்கிறபடி. பணமும் படிப்பும் உள்ளவங்களே அடக்கமா இருக்கையில, ஓசி ஆப்பு வச்சிருக்கிற நமக்கு என்னத்துக்கு இம்புட்டுத் துள்ளல்?

கடைசியா ஒண்ணு. படத்துல பூட்டனுக்கும் பூட்டிக்கும் பின்னால ஒரு பொம்பளைப்புள்ள நிக்குதே, அது யாரு? தெரியாதா? அவ பாவாடைக்குப் பச்சை அடிச்சிருக்கே, சடைக்குக் குஞ்சம் செவப்பு அடிச்சிருக்கே, பேரு தெரியாதா? பூட்டி பேராவது தெரியுமா? அதுவும் தெரியாது. நல்லாருக்குடே உன் சீர்திருத்தம். பேரு போன படம் யாரு வீட்டுப் படமும் இல்ல. அது பழைய சாமான் கடைக்குப் போற படம்.

அதனால மிசினை மூடி வச்சுட்டு இன்னைக்கே தெக்குத் தெருவுக்குப் போ. முனை மழுங்கின பென்சில் ஒண்ணு எடுத்துக்கோ, பால்பாயிண்ட் பேனா வேண்டாம். படத்தைக் குப்புறக் கெடத்தி, அழுத்தாம, யாரு யாருக்கு என்ன முறை, எந்த ஊரு, என்ன விசேசத்துக்கு எடுத்ததுன்னு பெரியாச்சி சொல்லச் சொல்லப் பின்னால எழுது. நிறம் அடுத்த மாசமும் அடிக்கலாம், அடுத்த வருசமும் அடிக்கலாம். பேரு சொல்லுறதுக்கு இந்த ஊருல அவ ஒருத்திதான் மிச்சம். போற வழியில நாலு வெத்தலையும் பாக்கும் வாங்கிக்கோ, சும்மா போயி நின்னா அவ வாயைத் தொறக்க மாட்டா.